ஏழு இண்டெக்ஸும் ஒரு செல்வராணியும்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிக்கிற பொறுமை இந்தத் தடவை எனக்கு இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் கம்ப்யூட்டர்தான். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, "பிள்ள அங்க என்னத்தச் சாப்புடுறான், எங்க படுக்குறான்னு ஒரு வரி இருக்கா பாரு" என்றார். இல்லை. "அப்ப நல்லாத்தேன் இருக்கான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் மட்டும் அந்தக் கடைசி அரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று வியாழக்கிழமை. லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு மாப்பிள்ளை சாயங்கால வண்டிக்கு மெட்ராஸ் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்டால் அவர்களுக்கும் படிக்கக் கொடு. பல வருஷம் மறைத்து வைத்திருந்த ஒன்றைத்தான் எழுதப்போகிறேன், இனிமேல் அதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். வீட்டுமனைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் விவரத்தைப் பெரிய பெரிய நோட்டுகளில் எழுதி வைத்திருந்த ஓர் அலுவலகத்துக்கு உங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருக்கிறது. பட்டியலை அமைத்தவன் நீ. பெயர், தகப்பனார் பெயர், தெரு, வார்டு, தொழில், ரேஷன் கார்டு எண், விண்ணப்பத் தேதி என்று ஏழுக்கும் ஏழு இண்டெக்ஸ், அதாவது தேடுவதற்கு ஏழு தனித்தனி வரிசை, போட்டிருக்கிறாய். எதைக் கொண்டு தேடினாலும் கண் மூடித் திறப்பதற்குள் அந்த ஆளின் விவரம் திரையில் வந்து நிற்கிறது. அதிகாரிகள் கை தட்டினார்கள். சந்தோஷம். ஆனால் புதிதாக வருகிறவர்களை ஏற்றுகிற வேலை மட்டும் நாளுக்கு நாள் மந்தமாகிறது. வரிசை வராந்தாவைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் நிற்கிறது. அங்கே டைப் அடிக்கிற தற்காலிக ஊழியரான செல்வராணி என்ற பெண், தான் அடித்து முடித்துவிடுவதாகவும், அதற்குப் பிறகு மிஷின்தான் அசையாமல் நிற்பதாகவும் சொல்கிறாள். நீ நம்பவில்லை. நோட்டில் எழுதியபோது சுறுசுறுப்பாக இருந்தவள் கம்ப்யூட்டர் என்றதும் சாக்குச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை நீ அறிக்கை கொடுக்க வேண்டும். அவள் லாயக்கில்லை என்று எழுதப்போகிறாய். நீ எழுதினால் அவளை நிறுத்திவிடுவார்கள்.

எழுதாதே. அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்கிறாள். மிஷின் நிற்கிறது, அது உன்னால் நிற்கிறது.

உனக்குச் சிரிப்பு வரும். நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் தூசி தட்டிய அம்மா பாடம் எடுக்கிறாளே என்று. இண்டெக்ஸ் என்பது கம்ப்யூட்டரோடு அட்டைப்பெட்டியில் கப்பலேறி வந்த சாமான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆற்றுக்கு வடகரையில் நான் வேலை பார்க்கிற தர்ம ஆஸ்பத்திரியில் என்னை இண்டெக்ஸ் அம்மா என்றுதான் சொல்வார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் மரியாதையோடு கேள்.

நான் சேர்ந்தபோது ரெக்கார்டு ரூமில் இண்டெக்ஸ் என்று எதுவும் கிடையாது. நோயாளி வந்தால் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் ஒரு நம்பர் போடுவார்கள். அந்த நம்பர்படி கேஸ் ஷீட் அலமாரியின் கடைசியில் போய்ச் சேரும். புதிதாக ஒருவரைச் சேர்ப்பது அத்தனை சுலபம். நேற்று வந்தவருக்குப் பக்கத்தில் இன்று வந்தவரைச் செருகினால் வேலை முடிந்தது, எதையும் தள்ள வேண்டாம், எதையும் நகர்த்த வேண்டாம். தேடுகிறபோதுதான் வினை. நம்ம ஊர்ச் சனங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துகிறவர்களா? மழையில் நனைந்து போகும், கூரையில் செருகியது கரையான் அரித்துப் போகும், சுருக்குப் பையில் வெற்றிலையோடு மடிந்து கிழிந்து போகும். "போன வருசம் வந்தேன் தாயி, வயித்து வலின்னு வந்தேன்" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் ஆயிரக்கணக்கான கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம். பாதி நாள் கிடைக்காது. டாக்டர் பழைய வைத்தியம் தெரியாமல் புதிதாக ஆரம்பிப்பார்.

நான்தான் பெயர் அட்டை கொண்டு வந்தேன். நோயாளிக்கு ஓர் அட்டை, அதில் பெயரும் நம்பரும். அட்டைகளை அகர வரிசைப்படி மர இழுப்பறைகளில் அடுக்கிவிட்டால், பெயரைச் சொன்னதும் நம்பர் தெரியும், நம்பர் தெரிந்ததும் கேஸ் ஷீட் கைக்கு வரும். பெரிய டாக்டர் ஒரு நாள் அவரே வந்து நின்று ஒரு பெயரைச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். "பேஷ்!" என்றார். மகனே, அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. உனக்கு அதிகாரிகள் கை தட்டியது மாதிரிதான் எனக்கும் அது. அடுத்து ஊர் வாரியாக ஒரு வரிசை போட்டேன். பிறகு தகப்பன் அல்லது புருஷன் பெயர்படி ஒன்று. பிறகு வியாதிப்படி ஒன்று. பிறகு வயதுப்படி ஒன்று. ஆக ஐந்து. யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஓர் இழுப்பறை இருந்தது. யாரும் கேட்காததற்கும் இருந்தது.

அந்த ஐந்து வரிசையிலும் அட்டைகளை நான் எப்படி அடுக்கினேன் என்பதையும் கேள். ஓர் இழுப்பறையில் விரல் நுழைய இடம் இருந்தால் எனக்குப் பிடிக்காது. முழுக்க நிரம்பிய பிறகுதான் அடுத்த இழுப்பறையைத் தொடுவேன். பார்க்க அத்தனை லட்சணமாக இருக்கும். ஆனால் நிரம்பிய இழுப்பறையின் நடுவில் ஒரு புது அட்டை நுழைய வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. கடைசி அட்டையை எடுத்து அடுத்த இழுப்பறையின் தலையில் வைக்க வேண்டும். அதுவும் நிரம்பியிருந்தால் அதன் கடைசியை அதற்கடுத்ததில். ஒரே ஓர் ஆளுக்காக நாலைந்து இழுப்பறையைத் திறந்து மூடி, எந்தப் பெயர் முதல் எந்தப் பெயர் வரை என்று முகப்பில் ஒட்டிய சீட்டையும் மாற்றி எழுத வேண்டும்.

இதில் நம்ம ஊர் வழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. உன் பெயரையே எடுத்துக்கொள். உன் தாத்தா பெயர். உன் பெரியப்பா மகனுக்கும் அதே பெயர், சித்தப்பா மகனுக்கும் அதே பெயர். ஒரு பொங்கலுக்கு மூன்று பேரும் வீட்டில் இருந்தபோது அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்து, மூன்று பேரும் சண்டை போட்டுக் கிழித்தீர்களே. மேற்கே நாகமலையைத் தாண்டினால் ஊர் ஊராக இதே கதைதான். குலசாமி பெயர், தாத்தா பெயர், அதை விட்டால் வேறு பெயர் கிடையாது. பாண்டி, பாண்டியம்மாள், பாண்டியராசன், கருப்பன், கருப்பாயி, கருப்பையா. மற்ற எழுத்துகளின் இழுப்பறைகள் பாதி காலியாகக் கிடக்கும், பாவன்னாவும் கானாவும் மட்டும் பிதுங்கி வழியும். இரண்டு பாண்டிகளைப் பிரித்துக் காட்டத்தான் தகப்பன் பெயர் வரிசையை உண்டாக்கினேன். என் புத்தியைப் பார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற சனத்தில் பாண்டி மகன் கருப்பன், கருப்பன் மகன் பாண்டி. அந்த வரிசையிலும் அதே பாவன்னா, அதே கானாதான் பிதுங்கின. நானும் அந்தச் சனம்தான், என் வீட்டிலேயே அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், எனக்கு அது தோன்றவில்லை.

இந்த ஐந்து அட்டையையும் எழுதி அடுக்க வேண்டியவள் நான் இல்லை. சீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள். உனக்கு ஞாபகம் இருக்காது. சோழவந்தானிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். அவள் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அவர்கள் தெருவிலேயே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் அவள்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் சேர்ந்த காலத்தில் அவள் ஒரு நோயாளியை அனுப்புகிற நேரத்தில் நம்மால் தொண்டையைச் செருமிக்கொள்ளக்கூட முடியாது. நான் வரிசைகளைக் கூட்டக் கூட்ட அவள் மெதுவாகிக்கொண்டே போனாள். நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் அவளே வந்து சொன்னாள்.

"அக்கா, ஒரு ஆளுக்கு அஞ்சு அட்ட எழுதி, அஞ்சு எடத்துல சொருகிட்டு வாரதுக்குள்ள வரிச வாசக் கேட்டு வரைக்கும் போயிருது. ஆள மட்டும் ஒடனே அனுப்பிருவோம். அட்டைகள ஒரு தட்டுல போட்டு வச்சு, மத்தியானத்துக்கு மேல மொத்தமா வரிசப்படுத்திச் சொருகுவோம். பாண்டியெல்லாம் ஒண்ணாச் சேந்துச்சுன்னா அந்த இழுப்பறையத் தெறக்கிறது ஒரே தடவதேன்."

"மத்தியானத்துக்குள்ள டாக்டர் ஒரு கேஸைக் கேட்டா?" என்றேன்.

"முதல்ல தட்டுல பாப்போம், இல்லைன்னா இழுப்பறைல பாப்போம். தட்டுல எம்புட்டு இருந்துறப் போகுது?"

எத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் பார்! இன்றைக்கு உங்கள் கம்பெனியில் இதைச் சொல்கிறவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்பீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோம்பேறித்தனத்துக்கு ஒரு தட்டு வேற வேணுமா?" என்றேன். என் இழுப்பறைகள் எந்த நேரமும் முழுசாக இருக்க வேண்டும் என்ற வீம்பு. அதைவிட, ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் எனக்கு யோசனை சொல்வதா என்ற எண்ணம். அதுவும் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி மழை விட்டதும் ஆற்றங்கரை ஊர்களில் விஷக்காய்ச்சல் பரவியது. வண்டி வண்டியாக வந்தார்கள். எல்லோரும் புது ஆட்கள், எல்லோருக்கும் ஐந்து அட்டை. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. ஒரு நாள் பத்து மணி வெயிலில் ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு வரிசையிலேயே ஜன்னி கண்டு இழுத்துவிட்டது. கூச்சல், அழுகை, ஜன்னல் கண்ணாடி உடைந்தது. குழந்தையை உள்ளே தூக்கி ஓடிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் அன்றைக்கே கேட்டார், சீட்டுக் கொடுக்க ஏன் இத்தனை தாமதம் என்று. எங்கள் அலுவலகத்தை மேற்பார்த்த சூப்பிரண்டு என்னைத்தான் விசாரிக்கச் சொன்னார். நான் பேச்சியம்மாளின் மேசையைத் திறந்தேன். மூன்று நாள் அட்டைகள் நூலில் கட்டி இருந்தன, இழுப்பறையில் சேர்க்காமல். ஆட்களை உடனே அனுப்ப வேண்டும் என்பதற்காக, நான் வேண்டாம் என்று சொன்ன அந்தக் காரியத்தை அவள் எனக்குத் தெரியாமல் செய்து பார்த்திருக்கிறாள். ஒளித்துச் செய்ததால் மத்தியானமும் உட்கார்ந்து அடுக்க முடியவில்லை, கட்டு வளர்ந்துவிட்டது. நான் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு சூப்பிரண்டின் அறைக்குப் போனேன்.

"தாமதத்துக்குக் காரணம் இவங்கதானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார். வேலையைச் செய்யாம மேசைக்குள்ள போட்டு வச்சிருக்காங்க" என்றேன்.

பேச்சியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. மெமோ கொடுத்தார்கள். மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளை வைத்தியசாலை இருந்தது, அங்கே மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ வீட்டுப்பாடம் எழுதாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். உன்னை அடித்தேன். "சோம்பேறி, சோம்பேறி" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அப்பா வந்து பிடுங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்தது, நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

அடுத்த வாரம் ஜன்னலுக்கு ஆள் இல்லை. நானே உட்கார்ந்தேன். எப்படி வேலை செய்ய வேண்டும் என்று காட்டப்போகிறேன் என்று மார் தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் பத்து மணிக்கே என் வரிசை கேட்டுக்குப் போய்விட்டது. எழுதுகிற நேரத்தைவிட எழுந்து போய்ச் செருகிவிட்டு வருகிற நேரம்தான் அதிகம். ஒரு பாண்டியை நுழைக்க நாலு இழுப்பறையைத் திறந்து மூடினேன். மூன்றாம் நாள் மத்தியானம், வியர்த்துக் கொட்டிக்கொண்டு, சமையல்கட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். அட்டைகளை அதில் போட்டேன். மத்தியானத்துக்கு மேல் மொத்தமாக வரிசைப்படுத்தி அடுக்கினேன். தேடும்போது முதலில் தட்டு, பிறகு இழுப்பறை. வரிசை கரைந்தது.

தட்டோடு நான் நிற்கவில்லை. ஐந்து இழுப்பறைக் கூட்டத்திலும் யார் எத்தனை தடவை எதைத் திறக்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தேன். வியாதி வரிசையை யாருமே திறக்கவில்லை, வருஷ அறிக்கைக்கு மட்டும்தான் அது வேண்டும். அதை அந்தச் சமயத்தில் கேஸ் ஷீட்டைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். வயது வரிசையையும் எடுத்துவிட்டேன், நம்ம சனங்களில் எத்தனை பேருக்கு வயது தெரியும்? தகப்பன் பெயரையும் எடுத்தேன். பெயரும் ஊரும் மட்டும் மிஞ்சின. சோழவந்தான் பாண்டி என்றால் ஏழெட்டுப் பேர், அட்டையைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஒவ்வோர் இழுப்பறையிலும் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டேன். நிரம்பினால் பாதியைப் பிரித்து அடுத்த இழுப்பறைக்கு மாற்றி, இரண்டிலும் காலி இடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் ஜன்னலில் வரிசை கேட்டைத் தொட்டதில்லை. இந்த வேலையை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த மதுரையில் இருந்தால் கூட்டிக்கொண்டு வா, பார்க்கிறேன். ஆனால் ஆண்டு விழாவில் அந்தத் தட்டுக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். அது யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை.

இப்போது உன் மிஷினுக்கு வருகிறேன். அதற்குள் அட்டையும் இழுப்பறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசை என்று ஒன்று உள்ளே இருந்தால், நடுவில் ஓர் ஆளை நுழைக்க யாராவது இடம் பண்ணத்தான் வேண்டும். செல்வராணி பட்டனைத் தட்டியதும் உன் மிஷின் ஏழு இடத்துக்கு ஓடுகிறது. ஏழிலும் இடம் தேடி, இடமில்லாத இடத்தில் பிரித்து, முகப்புச் சீட்டை மாற்றிவிட்டுத்தான் திரும்பி வருகிறது. பட்டியல் வளர வளர அந்த ஓட்டமும் நீளும், அதனால்தான் நாளுக்கு நாள் மந்தம். உன் தேதி இண்டெக்ஸ் பெரிய பாரம் இல்லை, புதிதாக வருகிறவர் எப்போதும் கடைசியில்தான் போய் நிற்பார். ரேஷன் கார்டு எண் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது, ஆனால் அது ஒருவருக்கு ஒன்றுதான், தேடுவதற்கு அதைவிட நல்லது வேறில்லை, அதை வைத்துக்கொள். பெயர் வேண்டும். வார்டு எதற்கு? ஒரு வார்டைச் சொன்னால் ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள், அதில் என்ன தேடப்போகிறாய்? தொழிலும் தெருவும் அப்படித்தான். தகப்பனார் பெயர் என்னை எப்படி ஏமாற்றியது என்று மேலே எழுதியிருக்கிறேன், அதையும் எடுத்துவிடு. யாராவது மாதத்துக்கு ஒரு தடவை கேட்டால், அன்றைக்கு முழுப் பட்டியலையும் படித்துப் புதிதாக வரிசை போட்டுக்கொள். உனக்கு என் பேச்சில் நம்பிக்கை இல்லை என்றால் சனிக்கிழமை போய் அந்த நாற்காலியில் நீயே உட்கார். ஏழு இண்டெக்ஸோடு ஐம்பது பேரை அடி. பிறகு நாலை எடுத்துவிட்டு ஐம்பது பேரை அடி. கடிகாரத்தைப் பார். அந்தப் பெண்ணை அடிக்கச் சொல்லிவிட்டு நீ பின்னால் நின்று பார்க்காதே.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைப்பாய். உன் கடிதத்தில் சாக்குச் சொல்கிறாள் என்ற வார்த்தையைப் பார்த்தேன். அது என் வார்த்தை. என் வயிற்றில் பிறந்து, என்னைப் பார்த்து வளர்ந்து, அதை நீ எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். நேற்றுக் காலை சோழவந்தானுக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். பேச்சியம்மாள் ஒரு கொடிக்கால் ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கிளை வைத்தியசாலைக்கு ஒரு வருஷம்கூடப் போகாமல் வேலையை விட்டுவிட்டாள் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். அச்சு மாதிரி எழுதிய கை, கொழுந்து, கிழிசல் என்று வெற்றிலையைப் பார்க்காமலே ரகம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று சாக்கைத் தட்டி விரித்தாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, பொன்னாடை, ஜன்னலில் நான் பட்ட பாடு, எல்லாம்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "நீங்க தட்டு வச்சு வேல பாக்குறீக, ஒங்களத்தேன் எல்லாரும் மெச்சுறாகன்னு வாட்ச்மேன் அண்ணே பஸ்ல பாத்துச் சொன்னாரு. கேட்டதும் எனக்குச் சந்தோசமாப் போச்சு. அக்காவுக்கு விசயம் வெளங்கிருச்சு, இன்னைக்கோ நாளைக்கோ சார்கிட்டச் சொல்லி எனக்கு ஒரு காயிதம் போட்டுருவாகன்னு இருந்தேன். தபால்காரரு வார நேரமெல்லாம் அந்த வைத்தியசால வாசல்லயே நிப்பேன். பத்து மாசம் நின்னேன். பெறகுதேன் வேலைய விட்டேன்."

அழுதேன், அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரஸ்ட்டுக்கு இப்போதே உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், சம்மதமா என்று அவளிடம் கேட்டேன். இனிமேல் அதனால் அவளுக்கு வேலை கிடைக்கப்போவதில்லை, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையிலிருந்த வெற்றிலைக் கட்டைக் கட்டி முடித்தாள். "எழுதுங்கக்கா. காப்பி ஒண்ணு எனக்கும் குடுங்க, எம் மகளுக்குக் காட்டணும். ஒங்காத்தா சோம்பேறித்தனம் பண்ணி வேலையத் தொலச்சான்னுதேன் அவளுக்கு எங்க வீட்டுல சொல்லி வளத்திருக்காக" என்றாள்.

இன்று காலை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இன்னும் நாலு மாதத்தில் எனக்கு ஓய்வு. அதற்குள் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். காப்பியைத் தபாலில் போடாமல் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்ப் பேச்சியம்மாள் மகளின் கையில் கொடுக்கப்போகிறேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உனக்கு இருபத்து நாலு வயது. உன் வேலையில் தப்பு வருவது பெரிய விஷயமில்லை, நாலு இண்டெக்ஸை எடுத்தால் அது ஒரு மத்தியானத்தில் சரியாகிவிடும். திங்கட்கிழமை அறிக்கையை எழுது. தாமதத்துக்குக் காரணம் என்று கேட்டிருக்கிற இடத்தில் உன் பெயரைப் போடு. கொடுப்பதற்கு முன்னால் அதைச் செல்வராணியிடம் வாசித்துக் காட்டு.

உன் அம்மா